விளக்கு எரிந்துகொண்டிருந்த கிணறு

மாசி முடியும் தறுவாயில் எங்கள் தோட்டத்து வேம்பு இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். பங்குனி பிறந்த கையோடு கொழுந்து விட்டு, அதன் பின்னாலேயே பூத்தும் விடும். ஊரில் எல்லாருக்கும் அது நல்ல வாசம். வேப்பம்பூ வடகம் போடுகிற பெண்கள் விடியமுன்னமே வந்து மரத்தடியைக் கூட்டி, பழைய சேலையை விரித்துப் பூச் சேர்ப்பார்கள். எனக்கோ அந்த வாசம் மூக்கில் பட்ட அன்றைக்கே பயம் தொடங்கும். அவர்களோடு சிரித்துக் கதைத்துக்கொண்டே கிணற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பேன்.

வேம்பு மட்டுமில்லை. விடியற்காலைப் பனி குறைந்து, மாம்பூ கருகி மிளகளவு பிஞ்சு தெரிகிற நேரம் அது. வாடைக் காற்று நின்றுபோயிருக்கும், தென்மேற்கே இருந்து சோளகம் வர இன்னும் இரண்டு மாதம் கிடக்கும். இடையில் ஒரு காற்றும் இல்லை. வாழை இலை ஆடாது. கிணற்றுச் சுவரில் ஈரக்கோடு ஒவ்வொரு நாளும் இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும். விசர்க் கதை கதைக்கிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துவிட்டுப் போங்கள். அந்தக் கோட்டை நான் ஒவ்வொரு நாளும் பயத்தோடு பார்ப்பது உண்மை.

முன்பு நான் இப்படி இல்லை. பனி விலகினால் கை பரபரக்கிற ஆள் நான். பயிற்றைக் கொடிக்குத் தடி ஊன்ற வேண்டும், வாழையடியில் தேவையில்லாத குட்டிகளைத் தறிக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும், வெங்காயப் பாத்தியில் கடைசிப் புல்லைப் பிடுங்க வேண்டும். நீர்வேலி ஊர்ப் பக்கத்துச் செம்மண். ஒரு நாள் பிந்தினாலும் முகத்தைக் காட்டிவிடும். பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு எடுத்தவள் நான். ஓய்வு எடுத்தது பள்ளிக்கூடத்தில் இருந்துதான், படிப்பிக்கிறதில் இருந்து இல்லை. பிள்ளைகளை அதட்டிய வாய், பிறகு கணவரை அதட்டியது. அவர் பிறந்ததில் இருந்து தோட்டக்காரர். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லிக் கொடுப்பேன், பாருங்கள் எவ்வளவு கொழுப்பு. அவர் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுத் தன் பாட்டில் வேலை செய்வார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த உலகத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

அது மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் சனம் வரிசையில் கிடந்த வருடம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. கிணற்றடி மோட்டரை நம்பி வெங்காயம் நட்டிருந்தோம். மாசி கடைசியில் கரண்ட் ஒரு முறை இரண்டு நாள் வந்த பாடில்லை. பங்குனி பிறந்த பிறகும் அதே கதைதான், வந்தாலும் பாதிப் பாத்தி நனைவதற்குள் போய்விடும். வெங்காயம் பருக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் இரண்டு இறைப்புத் தவறினால் தாள் நுனி மஞ்சளாகி, கிழங்கு கொட்டைப்பாக்கு அளவில் நின்றுவிடும். நான் விடிய எழும்பி நுனியைப் பார்ப்பேன், வந்து அவரைத் திட்டிப் பேசுவேன். கரண்ட் போனதற்கு அவர் என்ன செய்வார்? அதெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

கொட்டிலில் தண்ணீர் இறைக்கிற பழைய மண்ணெண்ணெய் மிசின் ஒன்று கிடந்தது. எனக்கு அது ஞாபகம் வந்ததுதான் வினை. ஒரு கான் நிறைய மண்ணெண்ணெய் அடுப்புக்கென்று ஒளித்து வைத்திருந்தேன். மிசினை வெளியே எடுங்கள் என்றேன். கிழட்டு மிசின், தண்ணீர் இவ்வளவு கீழே போன பிறகு மேலே இருந்து உறிஞ்சாது என்றார். அப்படியென்றால் கீழே இறக்குங்கள் என்றேன். எங்கள் கிணறு அகலம் குறைந்தது. பதினைந்து அடிக்குக் கீழே ஒரு பக்கம் கல்திட்டு இருக்கிறது. தண்ணீர் வற்றுகிற காலத்தில் அந்தத் திட்டில் மிசினை வைத்து இறைப்பது இந்தப் பக்கத்தில் புதினமான காரியம் இல்லை. அவர் பக்கத்துத் தோட்டத்து அண்ணையைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கயிறு கட்டி, சுவரில் பதித்த இரும்புப் படிகளில் ஏறி இறங்கி, பின்னேரம் முழுக்க மாரடித்து அதைத் திட்டில் இருத்தினார்கள்.

அண்ணை போகும்போது, புகை மேலே வர இடம் விடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். கிணற்று வாயில் பாதியை நான் தறப்பாள் விரிப்பால் மூடிக் கட்டியிருந்தேன். வேப்பிலை கொட்டித் தண்ணீர் நாறுகிறது என்று ஒவ்வொரு மாசியிலும் அப்படிச் செய்கிறதுதான். மறுபாதி திறந்துதானே கிடக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு மிசின் பிடித்து ஓடத் தொடங்கியது. தண்ணீர் குழாயால் வந்து தொட்டியில் விழுந்து, தொட்டி நிரம்பி வாய்க்காலில் ஓடியபோது எனக்கு வந்த சந்தோசம் சொல்ல முடியாது. அவர் கிணற்றடிக்கும் பாத்திக்குமாக ஓடித் திரிந்தார். நான் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாக வாய்க்காலைத் திருப்பித் தண்ணீர் மாறினேன். ஒன்பது மணிபோல மிசின் இருமியது, பிறகு நின்றது. வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து, மண் குடித்து, ஒன்றும் இல்லாமல் போயிற்று. இன்னும் பாதிக்கு மேல் கிடந்தது.

அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுப்பம், புகை நிற்கிறது என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். காற்று ஒன்றும் இல்லை, மத்தியானம் வரைக்கும் விடுவோம் என்றார். மத்தியானம் வரைக்கும்! ஏறுவெயிலில் ஈரம் காய்ந்து, விட்ட தண்ணீரும் வீணாகப் போகும். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கோதாரி பிடித்த மிசினும் நீங்களும் என்று என்னென்னவோ சொன்னேன். பிறகு, படித்தவள் இல்லையா, வீட்டுக்குள் ஓடிப்போய் மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் கிணறு தூர்வார இறங்குகிறவர்கள் முதலில் ஒரு விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் விடுவார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே நல்ல காற்று இல்லை, இறங்கமாட்டார்கள். எரிந்தால் இறங்குவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இதை உதாரணமாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும், மனிதனுக்கும் ஒட்சிசன் வேண்டும், எனவே விளக்கு எரிகிற இடத்தில் மனிதன் இருக்கலாம். கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கொண்டு திருப்பிச் சொல்லவும் வைத்திருக்கிறேன்.

விளக்கைக் கயிற்றில் கட்டித் திட்டு வரைக்கும் இறக்கி விட்டேன். சுடர் ஆடாமல் அசையாமல் நேராக நின்று எரிந்தது.

"விளக்கு எரியுது. வடிவாப் பாருங்கோ. இறங்கலாம்" என்றேன்.

அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மிசின் பிடித்தது. நான் வாய்க்காலுக்கு ஓடினேன். அவர் எப்போது மேலே வந்தார் என்று நான் பார்க்கவில்லை, என் கண் தண்ணீரில் இருந்தது. நான்கு பாத்தி நனைந்திருக்கும், மிசின் மறுபடியும் நின்றது. நான் நின்ற இடத்தில் இருந்தே, இதென்ன கரைச்சல், எண்ணெய்க் குழாயைத் துப்புரவாக்கிவிட்டு ஒழுங்காகத் தொடக்குங்கள் என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தபோது அவரின் தலை கிணற்றுக் கட்டுக்குக் கீழே மறைந்துகொண்டிருந்தது.

மிசின் பிடிக்கிற சத்தத்துக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. எண்ணெய்க் குழாயைக் கழற்றுகிறார் என்று நினைத்தேன். வாய்க்கால் கரையில் கிடந்த புல்லுப் பிடுங்கினேன். பிறகு தோட்டம் ஒரேயடியாக அமைதியாக இருப்பது காதில் பட்டது. திருகுசாவி தட்டுப்படுகிற சத்தம் இல்லை, அவர் இருமுகிற சத்தம் இல்லை. இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அவர் திட்டில் குந்தி, மிசினோடு சாய்ந்து, தலை கவிழ்ந்து, நாடி நெஞ்சில் முட்டக் கிடந்தார். பஸ்ஸில் நித்திரை தூங்குகிற ஆளைப்போல இருந்தார். ஒரு கால் திட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கறுத்துக் கிடக்கிற தண்ணீர். அவருக்குப் பக்கத்தில், நான் இறக்கிய விளக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு மற்றப் பாடம் ஞாபகம் வந்தது. மிசின் புகையில் காபனோரொட்சைட்டு என்கிற நச்சு வாயு இருக்கும், நிறம் இல்லை, மணம் இல்லை, மனிதனின் இரத்தத்தைப் போய்ப் பிடிக்கும். விளக்கு அதற்கு அணையவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அதையும் நான்தான் படிப்பித்தேன், பத்தாம் வகுப்புக்கு. எட்டாம் வகுப்புப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு பத்தாம் வகுப்புப் பாடத்தை மறந்துபோனேன். ஐயோ என்று நான் வைத்த சத்தம் எனக்கே கேட்கவில்லை, பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்டிருக்கிறது.

முதலாவது படியில் கால் வைத்துவிட்டேன். இரண்டாவதும் வைத்துவிட்டேன். யாரோ என் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். அண்ணை. நான் அவரின் கையைக் கடித்தேன், நகத்தால் பிறாண்டினேன். ஒரு ஆசிரியை செய்கிற வேலையா அது? செய்தேன். அவர் விடவில்லை.

"தங்கச்சி, இறங்காதேங்கோ. நீங்களும் விழுந்தால் பிறகு ஆரை ஆர் தூக்கிறது?"

தறப்பாளை ஒரே இழுவையில் கிழித்து எறிந்தார். வேம்பில் பூவும் கொழுந்துமாக நின்ற கொப்பை வெட்டி, கட்டாகக் கட்டி, கயிற்றில் கோத்து உள்ளே விட்டார். மேலும் கீழுமாக அதை இழுத்து இழுத்து விடத் தொடங்கினார். உள்ளே இருக்கிற காற்றைக் கலக்கி மேலே எடுக்க வேண்டும். என்னைத் தொட்டித் தண்ணீரை அள்ளி ஊற்றச் சொன்னார். நான் வாளி வாளியாகக் கணவரின் தலையில் படும்படி ஊற்றினேன். ஊற்றுகிற நேரம் எல்லாம் அவரைக் கூப்பிட்டேன். எனக்குக் கூப்பிடத் தெரிந்தது ஒரே விதம்தான், பேசிப் பேசித்தான் கூப்பிட்டேன். எழும்புங்கோ, என்ன இருப்பு இது, காலை உள்ளுக்கு எடுங்கோ, விழப்போறியள், சொன்னால் கேக்கமாட்டியளோ என்று. தண்ணீர் தலையில் விழுந்து வழிந்து ஓடியது. அவர் அசையவில்லை. விளக்கு அணைந்தது, நான் ஊற்றிய தண்ணீரில்.

வாழைக்குலை வெட்ட வந்திருந்த இரண்டு பேரும், அண்ணையின் மனைவியும் ஓடி வந்தார்கள். யாரோ அம்புலன்சுக்குப் போன் அடித்தார்கள். அண்ணை இடுப்பில் கயிற்றைக் கட்டினார். அவரின் மனைவி அந்தக் கயிற்றைப் பிடித்தபடி என்னை ஒருமுறை பார்த்தா. வேண்டாம் என்று சொல்ல அந்த மனிசிக்கு எல்லா உரிமையும் இருந்தது. அண்ணை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இப்போது இரண்டு பேர் கிணற்றுக்குள். இரண்டு பெண்கள் மேலே, ஒரே கயிற்றில், வாழைக்குலைக்காரர் எங்களுக்குப் பின்னால். அந்த நேரத்தில் எனக்குக் கடவுள் ஞாபகம்கூட வரவில்லை. அந்தக் கால் இன்னும் தொங்குகிறதா, அது மட்டும்தான் என் கண்ணில் இருந்தது.

அண்ணை ஒரு முறை பாதியில் திரும்பி வந்து மூச்செடுத்துவிட்டுப் போனார். இரண்டாவது முறை கணவரின் அக்குளுக்குக் கீழே இன்னொரு கயிற்றைப் போட்டுவிட்டு, கையைக் காட்டினார். இழுத்தோம். அவரின் உடம்பு சுவரில் உரசிக் கொண்டு வந்தது. இவ்வளவு பாரமா என்று நினைத்தேன். மண்ணில் கிடத்தியபோது முகம் வெளிறவில்லை, சிவந்து போயிருந்தது. கல்யாண வீட்டுக்குப் போகிறவரைப்போல நல்ல நிறமாக இருந்தார். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் நான் உண்மையில் பயந்தேன், ஏனென்றால் அந்த நச்சு வாயு இரத்தத்தைப் பிடித்தால்தான் அப்படிச் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். மூக்கடியில் விரலை வைத்தேன். மூச்சு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணைதான் பார்த்துவிட்டு, இருக்கு என்றார்.

ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி ஒட்சிசன் பிடித்தார்கள். ஒரு பகலும் ஒரு இரவும் அவர் ஆளை அறியவில்லை. நான் கட்டிலடியில் இருந்து அவரின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உயிர் தப்பினாலும் புத்தி எப்படி இருக்குமோ, சொல்லமுடியாது, பார்ப்போம் என்றார் டொக்டர். அடுத்த நாள் கண் திறந்தார். என்னைப் பார்த்து, வெங்காயத்துக்கு மிச்சத் தண்ணி விட்டதோ என்று கேட்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

இனித்தான் நான் வெட்கப்பட வேண்டிய கதை. புகை நின்ற கிணற்றுக்குள் ஏன் இறங்கினீர்கள் என்று டொக்டர் அவரைக் கேட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

"இவ வேண்டாமெண்டுதான் சொன்னவ. நான்தான் கேக்கேல்லை" என்றார் அவர்.

நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கதைதான் ஊருக்கும் போயிற்று. படித்த மனிசி தடுத்திருக்கிறா, மனிசன் கேட்கவில்லை என்று வந்தவர்கள் எல்லாம் அவரைப் பேசிவிட்டு, என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அண்ணையின் கையில் என் பல் பட்ட அடையாளம் மாற ஒரு மாதம் எடுத்தது. அவருக்குக்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. மிசினை அவர்தான் மேலே எடுத்தார், எங்கள் வெங்காயத்தையும் அவர்களே கிண்டிக் கட்டித் தந்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று பங்குனி வந்து போய்விட்டது. கரண்ட் ஒழுங்காக வருகிறது. மோட்டர் ஓடுகிறது, ஒருவரும் கிணற்றுக்குள் இறங்கத் தேவையில்லை. ஆனால் வேம்பு பூத்துக் காற்று விழுந்துவிட்டால் நான் கணவரைக் கண்ணில் இருந்து விடமாட்டேன். அவர் கிணற்றடியில் கால் கழுவினால் நான் வாசலுக்கு வந்து நிற்பேன். அவர் மத்தியானம் சாய்ந்து படுத்திருந்தால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அதைவிட இன்னொரு பயமும் இருந்தது. என்றைக்காவது ஒரு நாள் அவர் என்னைப் பார்த்து, நீர்தானே விளக்கைப் பிடிச்சு இறங்கச் சொன்னனீர் என்று கேட்கப்போகிறார். மூன்று வருடமாக அந்த ஒரு வசனத்துக்குப் பயந்து நடந்தேன்.

இந்த வருடம் என்னால் பொறுக்க முடியவில்லை. போன கிழமை விடியற்காலை, பனி காயமுன்னம், இரண்டு பேரும் ஒரே பாத்தியில் எதிரும் புதிருமாக இருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். நான் தலையை நிமிர்த்தாமலே சொன்னேன். இறங்கலாம் என்று சொன்னது நான், ஏன் ஆஸ்பத்திரியில் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

அவர் புல்லை உதறி மண்ணைத் தட்டினார்.

"அது உம்மடை பிழை இல்லையப்பா. விளக்கு விட்டபிறகு முதல்தரம் இறங்கி மிசினைத் தொடக்கேக்குள்ளையே எனக்குத் தலை சுத்தினது. படியிலை கை வழுக்கினது. இனி இறங்கக்கூடாதெண்டு எனக்கு விளங்கினது."

பிறகு ஏன் மற்றத் தரம் இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லுவமெண்டுதான் வந்தனான். நீர் அங்காலை நிண்டு சத்தம் போட்டுக்கொண்டு நிண்டனீர். சொன்னால் இன்னும் பேச்சு விழுமெண்டு பயந்துபோய் இறங்கிட்டன்."

குறை சொல்கிற மாதிரி அவர் சொல்லவில்லை. நேற்று வெயில் கூடிப்போச்சு என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். சொல்லிவிட்டு எழும்பி, தண்ணீர் மாற அடுத்த பாத்திக்குப் போனார். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். முப்பத்தோரு வருடம் இந்த மனிசனோடு சீவித்தேன். என்னைக் கண்டு அவருக்கு இருந்த பயத்தை நான் ஒருநாளும் பயம் என்று நினைத்ததில்லை.

கொஞ்ச நேரத்தில், வாய்க்கால் ஒரு பக்கம் உடைந்து தண்ணீர் பாதையில் ஓடுவதைக் கண்டேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அதைக் காணவில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. சத்தம் போடாமல் எழும்பிப் போய், மண்ணை அள்ளி நானே அடைத்தேன்.